லாரியின் நீல வாய்

லெயோன் முசியே லாரிகளைத் தூங்கித்தான் குணப்படுத்துவார். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். விமான நிலையத்துச் சுவருக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், அவர் தூங்கித் தேற்றி அனுப்பிய வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் தலை திண்டிவனத்தில் இருக்கும், வால் கடலூர் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். இதில் குறைத்துச் சொன்னது உண்டே தவிரக் கூட்டிச் சொன்னது கிடையாது.

வைத்திய முறை இதுதான். வண்டி வந்ததும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சின்னப் பொந்தில் தன் ஸ்கேனரின் ஒயரைச் சொருகுவார். பிரான்சில், துலூஸ் நகரத்து பஸ் டிப்போவில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியபோது கையோடு கொண்டுவந்த மெஷின் அது. பிரெஞ்சைத் தவிர அதற்கு வேறு பாஷை வராது. அதில் ஓடும் வரிகளை லெயோன் வாய்விட்டுப் படிப்பார். டிரைவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டிக் கேட்பார்கள். படித்து முடித்ததும் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகைக் கட்டிலில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொள்வார்.

"மெஷின் பொய் சொல்லாது. ஆனா அது போலீஸ்காரன் மாதிரி. எந்தத் தெருவுல கலாட்டான்னு சொல்லும். ஆரம்பிச்சது யாருன்னு சொல்லாது" என்பார்.

ஆரம்பித்தது யார் என்பது தூக்கத்தில் வரும். இன்ஜின் சத்தம் பலகை வழியாக ஏறி, காதுக்குள் புகுந்து, சொப்பனமாகத் திரியும். கறுப்பாகக் கக்கிக்கொண்டு வந்த ஒரு மணல் லாரியின் சொப்பனத்தில், ஒரு பெரியவர் மூக்கடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். லெயோன் எழுந்துபோய், புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பும் வால்வைப் பிரித்தார். கரி அப்பிக் கிடந்தது. சுரண்டியெடுத்த கரியை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தால் ஓர் எருமை எழுந்து நடந்திருக்கும். இன்னொரு லாரியின் சொப்பனத்தில் ஒரு பெண் ஒற்றைக் கொலுசோடு நடந்தாள். பார்த்தால், கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயர் துருவேறி, பாதி அறுந்து, தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு அஞ்சலாட்சியின் லாரி மட்டும் பிடி கொடுக்கவில்லை.

அஞ்சலாட்சி பாகூர்ப் பக்கம், அல்லிமேட்டுக்காரி. சொந்தத் தோப்பு வாழைத்தாரைச் சொந்த லாரியில் ஏற்றி, சொந்தக் கையால் ஓட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு வருகிறவள். அவள் லாரியில் ஹார்ன் வேலை செய்து பல காலம் ஆகிறது. அவளுக்குத் தேவைப்படவும் இல்லை. முருங்கப்பாக்கத்தில் தலையை வெளியே நீட்டி "ஓரம் போ" என்றால் முத்தியால்பேட்டையில் ஒருவன் சைக்கிளை ஓரங்கட்டுவான். புருஷன் நாராயணசாமி பக்கத்துச் சீட்டில் கிளீனராக உட்கார்ந்து வருவார். மனைவி வண்டியை எடுத்ததும் கண்ணை மூடுவார். மார்க்கெட் வந்ததும் திறப்பார். அந்தச் சாலையை அவர் இன்றுவரை பார்த்ததில்லை.

வண்டி பழசு, முந்தின லாரியைக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் வாங்கியது. அதில்தான் முதன்முதலாக அந்த நீல மூடி வந்தது. டீசல் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு குட்டி டேங்க், அதற்கு நீலத்தில் ஒரு மூடி. அதில் யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல அந்தத் தண்ணீர் சைலன்சருக்குள் தெளிக்கும். புகையில் இருக்கும் நஞ்சு அடங்கிப்போகும். தெளிப்பு குறைந்தால் சைலன்சர் வாலில் இருக்கும் சென்சார் மோப்பம் பிடித்து, கம்ப்யூட்டர் பெட்டியிடம் போய்க் கோள் சொல்லும். பெட்டி டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை ஏற்றிக் காட்டும். கண்டுகொள்ளாவிட்டால் இன்ஜினின் பலத்தையே பிடுங்கிக்கொள்ளும். ஆறு சக்கர லாரி அதற்கப்புறம் மணப்பெண் மாதிரி அடிமேல் அடி வைத்துத்தான் நடக்க வேண்டும்.

அந்த விளக்குதான் தீபாவளியிலிருந்து அஞ்சலாட்சியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. லெயோன் தெளிக்கும் நாசிலைக் கழற்றி, அடைத்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சுடுதண்ணீரில் கரைத்து, திரும்ப மாட்டுவார். விளக்கு அணையும். அவள் கும்பிட்டுவிட்டுப் போவாள். கொஞ்ச நாளில் திரும்பவும் எரிய, திரும்பவும் வருவாள். சென்சாரை மாற்றியாயிற்று. ஒயர்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தாயிற்று. பலகையில் படுத்தால் லெயோனுக்குச் சொப்பனத்தில் வெறும் அலைச் சத்தம் கேட்டது. எதிரே இருப்பது வங்கக்கடல். புதுச்சேரியில் தூங்குகிறவன் காதில் அலைச் சத்தம் கேட்டால் அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்?

மாசி மகத்துக்கு முந்தின வியாழக்கிழமை, வாழைத்தார் இறக்கின கையோடு அஞ்சலாட்சி கொட்டகைக்கு வந்து நின்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா முசியே, இதுக்கு ஒரு முடிவு கெடையாதா?"

"வாங்க மதாம்."

"மதாம்னு கூப்புடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? தோள்மேல யாரோ கோட்டு மாட்டிவுட்ட மாதிரி கூசுது. ஞாயித்துக்கெழம மகம். எங்க ஆத்தா கடலுக்குப் போவணும். இந்த வண்டியிலதான் போவணும்."

அவளுடைய ஆத்தா என்பது அல்லிமேட்டு ஏரிகாத்தம்மன். மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்ட சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து தீர்த்தமாடும், அம்மனும் வருவாள். அவளை ஏற்றி வரும் வண்டி இன்னாருடையது என்று ஊரில் முறை உண்டு. ஒரு வருஷம் தவறினால் முறை கைமாறிவிடும், அப்புறம் பேரன் காலத்திலும் திரும்பாது. பொம்பளை ஓட்டுகிற வண்டியில் அம்மன் ஏறுவதா என்று கேட்ட வாய்களையெல்லாம் அடைத்து அஞ்சலாட்சி பிடித்த முறை அது. இப்போது இராமதாஸ் என்கிற பங்காளி, புது டிராக்டர் ஒன்றை வாங்கி, அதற்கு ஜரிகைக் குஞ்சலம் கட்டி, கோயிலுக்கு எதிரிலேயே நிறுத்திவைத்திருந்தான்.

"அவன் தெனமும் காலையில எங்க ஊட்டு வாசலாண்ட வந்து, லைட் எரியுதா அக்கான்னு கேட்டுட்டுப் போறான் முசியே. எங்க ஆத்தாள அவன் டிராக்டர்ல பாத்தன்னா நான் செத்தேன்."

நாராயணசாமி ஆமோதித்தார். "ரெண்டு நாளா சோறு எறங்கல இவளுக்கு. எனக்கும் போடல."

லெயோன் ஸ்கேனரைச் சொருகி வாசித்தார். அதே பழைய வரிகள்தான், கூடவே புதுசாக ஒன்று: இனி இந்த விளக்கை மெஷினால் அணைக்க முடியாது. புகை சுத்தம் என்று பெட்டி தானாக நம்பினால்தான் உண்டு.

"ராத்திரி மட்டும் வண்டி எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

"எங்க களத்துல."

"நானும் வர்றேன். இது இங்க படுத்துச் சொல்ற வியாதி இல்ல. அதும் ஊட்டுல படுத்தாத்தான் வாயத் தெறக்கும்போல."

அன்று அவர் தலையணையும் ஸ்கேனருமாக அல்லிமேட்டுக்குப் போனார். களத்தில் நின்ற லாரியின் பலகையில் படுத்தார். வெள்ளிக்கிழமை, கிழக்கு வெளுக்கிற நேரத்தில், பனியும் வாழைத்தோப்பு வாசனையும் கேபினுக்குள் வந்து படுத்துக்கொண்டபோது, சொப்பனம் கடைசியில் வந்தது.

லாரி ஒரு கைக்குழந்தையாகக் கிடந்தது. ஆறு கால்களையும் உதைத்துக்கொண்டு, நீல உதட்டைத் திறந்து, பசியில் சிணுங்கியது. ஈரத் தலையோடு ஒருத்தி வந்தாள். கையில் சங்கு, குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிச் சங்கு. "குடி கண்ணு, ஆத்தா தண்ணி, குடி" என்று நீல வாயில் சாய்த்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் பாகூர் ஏரி கடலாகிக்கொண்டு வந்தது. வாழை மரங்களின் கழுத்துவரை அலை ஏறியது. கட்டுமரங்கள் தாரோடு தாராக ஆடின. மீன்கள் கொக்குகளைக் கொத்தித் தின்றன. குழந்தை மட்டும் விக்கியது, இருமியது, மஞ்சளாய் ஒரு கண்ணைத் திறந்து லெயோனைப் பார்த்தது. அழகான சொப்பனம். எழுந்து முகம் கழுவின பிறகும் அவர் முகத்தில் சிரிப்பு ஒட்டியிருந்தது. இதில் வைத்தியத்துக்கு உதவுகிற சமாசாரம் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டார்.

தார் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். கிருமாம்பாக்கம் தாண்டும்போது இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் அஞ்சலாட்சி எவ்வளவு மிதித்தும் வண்டி நடந்துதான் வந்தது. தவளக்குப்பத்து டீக்கடை வாசலில் நிறுத்தினாள்.

லெயோன் இறங்கி நீல மூடியைத் திறந்து, உள்ளிருந்த தண்ணீரில் கொஞ்சத்தை உறிஞ்சியெடுத்தார். வண்டியில் முத்திரை உடைக்காமல் இருந்த யூரியாக் கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். டீக்கடைக்காரரிடம் இரண்டு பழைய கரண்டி கேட்டார்.

"இன்னா பண்ணப் போறீங்க?"

"தாளிக்கப் போறேன்."

முதலில் கேன் தண்ணீரைக் கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டினார். கொதித்தது, வெளுத்தது, மாட்டுத்தொழுவத்து நெடியைக் கிளப்பியது. டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு சாலைக்கு ஓடினார்கள். சிலர் கடலூரில்தான் நின்றார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. தீயைக் கூட்டக் கூட்ட அத்தனையும் புகையாகப் போய், கரண்டி மொட்டையாகிவிட்டது. அடுத்து டேங்க் தண்ணீர். அதே நெடி, அதே புகை. ஆனால் எல்லாம் அடங்கினபிறகும் கரண்டியின் அடியில் ஒரு வெள்ளைப் பொருக்கு அசையாமல் குந்திக்கொண்டிருந்தது. எவ்வளவு தீயில் காட்டினாலும் நகரவில்லை, படபடவென்று வெடித்தது.

ஆறவைத்து, விரலில் தொட்டு, நாக்கில் வைத்தார். கனகசெட்டிக்குளத்துக் கருவாடு காயப்போட்ட மணல் ஞாபகத்துக்கு வந்தது. உப்பு. அந்த நொடியில் சங்கும், ஈரத் தலையும், "குடி கண்ணு"வும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வந்து நின்றன. அவர் கண்டது சொப்பனமே இல்லை. கேபின் ஜன்னல் வழியாக, பாதித் தூக்கத்தில், நிஜத்தைப் பார்த்திருக்கிறார்.

"நாராயணசாமி," என்று புருஷன்காரரைத் தனியே கூப்பிட்டார். "காலையில அவங்க இந்த மூடிய தெறந்து இன்னாத்த ஊத்துனாங்க?"

"தீர்த்தம்" என்றார் அவர், இதென்ன கேள்வி என்பதுபோல.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. மகத்தன்று அம்மன் குளித்த கடல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வருவார்கள். அம்மன் ஏறின வண்டியில் தண்ணீர் குடிக்கிற வாய் எத்தனை உண்டோ அத்தனைக்கும் அங்கேயே, ஊர் பார்க்க, ஒரு சங்கு தீர்த்தம் ஊற்ற வேண்டும். ஒரு வாய் விட்டாலும் முறை செல்லாது. மிச்சத்தை வீட்டில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் ஊற்றுவது அஞ்சலாட்சியின் சொந்தப் பக்தி. ரேடியேட்டருக்கு ஒரு சங்கு, கண்ணாடி கழுவுகிற பாட்டிலுக்கு ஒரு சங்கு. நீல வாய் வண்டியிலேயே ரொம்பச் சின்னது, பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது என்று அதற்கு மட்டும் இரண்டு.

லெயோன் அஞ்சலாட்சியிடம் போய், எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னார். அவள் முகம் அடுப்புக் கரண்டி மாதிரி சிவந்தது.

"அப்ப எங்க ஆத்தா வண்டியக் கெடுத்துட்டான்றீங்க."

"ஆத்தாவச் சொல்லல. உப்பச் சொல்றேன்."

"ஆத்தா குளிச்ச தண்ணியில உப்பு எங்கேர்ந்து வரும்?"

"கடல்லேர்ந்து."

"யோவ், வண்டியில ஏறு" என்று அவள் புருஷனிடம் சொன்னாள். "முசியே பஸ்ஸுல வரட்டும்."

கதவை அறைந்து சாத்தினாள். கோபத்தில் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாள். லாரி அன்னநடை போட்டுப் புறப்பட்டது. லெயோன் டீக்குக் காசு கொடுத்து, செருப்பின் வாரைச் சரிசெய்து, ஒரு கொட்டாவியும் விட்டுவிட்டுப் பின்னால் நடந்தார். நாலு எட்டில் ஜன்னலோரம் வந்துவிட்டார்.

இப்படியாகத்தான் அந்தச் சண்டை தவளக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம்வரை நடந்தது. உலகத்திலேயே கோபித்துக்கொண்டு லாரியில் போன ஒருத்தியை இன்னொருத்தர் நடந்தே சமாதானப்படுத்தியது அந்த ஒரு தடவைதான். வெயில் இளம் மஞ்சளாக விழுந்தது. வாழைத்தார்கள் தூங்கித் தூங்கித் தலையாட்டின. ஒரு நத்தை இடப்பக்கமாக முந்திக்கொண்டு போனது.

"பழைய லாரிக்கும்தான் ஊத்துனேன். ஒண்ணும் ஆவலியே" என்றாள் மேலிருந்து.

"அதுக்கு இந்த வாய் இல்ல மதாம்."

"பாட்டில் குடிக்குதே."

"அது கொப்புளிச்சுக் கண்ணாடிமேல துப்பிடுது."

"ரேடியேட்டரு?"

"அதுக்கு வயிறு பெருசு. துரு புடிக்கும், ஆனா கொஞ்ச நாள் தாங்கும். இது முழுங்கி மூக்குல ஏத்திக்குது. உள்ள சூடு. தண்ணி ஆவியாப் பூடும், உப்பு அடைச்சுக்கும்."

நாராயணசாமி கண்ணைத் திறக்காமல் "அவரு சொல்றதுல..." என்று ஆரம்பித்தார்.

"நீ தூங்கு."

அரியாங்குப்பம் நெருங்கியது. பக்கவாட்டில் உப்பங்கழி மினுமினுத்தது. லெயோனுக்கு நடையிலேயே கண் சொருகியது. சொருகிய கண்ணோடு, பாதிச் சொப்பனத்திலிருந்து கேட்பதுபோலக் கேட்டார்.

"நான் ஒவ்வொரு வாட்டியும் வெளக்க அணைச்சு அனுப்புனேனே. ஊட்டுக்குப் போய் இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? ஆத்தா காப்பாத்திட்டான்னு கையெடுத்துக் கும்புட்டு, அன்னிக்கு மட்டும் கூட ரெண்டு சங்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவளுக்கே கேட்டுவிட்டது.

"அழுதிச்சேன்னு குடுத்தேன் முசியே" என்றாள், அவளுக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில்.

"தெரியும். ஆனா கைக்கொழந்தைக்கு யாராவது உப்புத் தண்ணி பொகட்டுவாங்களா?"

லாரி நின்றது. அது போன வேகத்துக்கு, நின்றுவிட்டது என்று கண்டுபிடிக்கவே மூன்று பேருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றும் சனிக்கிழமையும் கொட்டகையில் வேலை நடந்தது. குட்டி டேங்கைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரால் அலசி அலசி ஊற்றினார்கள். கொட்டகை வாசலில் ஓடின உப்புத் தண்ணீரைப் பார்த்து ஒரு நண்டு நம்பிக்கையோடு வந்து எட்டிப் பார்த்தது. நாசிலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தார்கள். சென்சாரைத் துடைத்தார்கள். புது யூரியா ஊற்றி எல்லாம் மாட்டி இன்ஜினைக் கிளப்பினால், விளக்கு அசராமல் எரிந்தது.

"இன்னும் ஏன் எரியுது?"

"பொட்டிக்குக் கோவம் தணியல. எத்தினி வாட்டி ஏமாத்தியிருக்கோம் அத. இனிமே அது நம்பணும்னா, நிக்காம ரொம்ப தூரம் ஓடிக் காட்டணும். பொக சுத்தமா இருக்குன்னு சென்சார் திரும்பத் திரும்பச் சொல்லணும். அப்பத்தான் பலத்தத் திருப்பிக் குடுக்கும்."

"நாளைக்குக் காலையில ஆத்தா ஏறணுமே."

"ஏத்திக்கிட்டே ஓட்டுங்க. எதுக்கும் சீக்கிரமே கெளம்பிடுங்க."

அவள் நீல மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது கெடக்கட்டும் முசியே. கடக்கரையில ஊர் பாக்க ஊத்தணுமே, அப்ப? ஊத்துனா வண்டி போச்சு. ஊத்தலன்னா முறை போச்சு."

லெயோன் துலூஸில் படித்தது, லாஸ்பேட்டையில் தூங்கியது எல்லாவற்றையும் துழாவிப் பார்த்தார். பிறகு நீல மூடியை இன்னொரு தடவை இறுக்கித் திருகினார்.

மகத்தன்று லாரியை லாரி என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் குலை தள்ளின வாழை, கூரைமேல் மாவிலைத் தோரணம், முகப்பில் சாமந்தியும் கோழிக்கொண்டையும். பெரிய மார்க்கெட்டுப் பூக்கடைகளில் அன்று தலையில் வைக்க ஒரு முழம் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுதான். நடுவில் பச்சைப்பட்டில் ஏரிகாத்தம்மன். பூசாரி அன்பழகன் உள்ளே எட்டிப் பார்த்தார். மஞ்சள் விளக்கு எரிவதையும் பார்த்தார்.

"அஞ்சலாட்சி, அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வண்டி வேகம் புடிக்கலன்னா ஆத்தாள டிராக்டர்ல மாத்திடுவேன். தீர்த்த நேரம் தவறக் கூடாது."

பின்னால் டிராக்டரில் இராமதாஸ் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தான். "அவசரமில்ல அக்கா. மெதுவா போ. நான் பின்னாடியே வர்றேன்."

ஊர்வலம் கிளம்பியது. வழக்கமாக அம்மன் அந்தச் சாலையில் சர்ரென்று போய்விடுவாள். வாசலுக்கு ஓடிவருகிறவர்களுக்குப் பட்டின் நுனியும் புழுதியும்தான் மிஞ்சும். இந்த வருஷம் அவள் நடந்து வந்தாள். கிருமாம்பாக்கத்தில் ஒரு பெண் அம்மனைக் கண்டு, உள்ளே போய்க் குளித்து, பொங்கல் வைத்து இறக்கி, எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதும் அம்மன் அதே வீட்டெதிரில்தான் இருந்தாள். கற்பூரப் புகை பனியோடு கலந்து சாலையை மூடியது. லாரி மேகத்தின்மேல் போவதுபோல இருந்தது. லெயோன் பலகையில் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்த்து, இறங்கிக்கொண்டே வரும் புகையின் நஞ்சுக் கணக்கைப் பிரெஞ்சில் வாசித்தார். பக்கத்தில் நடந்தவர்கள் அதை மந்திரம் என்று எண்ணி, ஒவ்வொரு எண்ணுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கணக்கு இறங்கியது. விளக்கு மட்டும் அப்படியே இருந்தது. தவளக்குப்பம் போயிற்று. பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. டிராக்டர் பின்னாலிருந்து நெருங்கி வந்து உறுமியது. அஞ்சலாட்சி ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாள். அவள் கண்ணை அகற்றாமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில், கண்ணீர் கோத்து விளக்கு ஒன்று பத்தாகத் தெரிந்தது.

பாலத்தின்மேல் ஏறியபோது நாராயணசாமி, ஆயுளில் முதன்முறையாக, வண்டி ஓடும்போது கண்ணைத் திறந்தார். ஆற்றைப் பார்த்தார். "இங்க ஒரு ஆறு இருக்குதா?" என்றார். பிறகு டாஷ்போர்டைப் பார்த்தார்.

"ஏ அஞ்சல, வெளக்கு எங்க?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். விளக்கு இல்லை. அவள் கால் தரையோடுதான் கிடந்தது. இன்ஜின் முதுகை நிமிர்த்தி ஒரு குரல் கொடுத்தது. முருங்கப்பாக்கம் பறந்தது, முதலியார்பேட்டை பறந்தது. டிராக்டர் பாலத்தின்மேல் ஒரு புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. வழியில் உதிர்ந்த பூவை அன்று மாலைவரை ஜனங்கள் முறத்தில் அள்ளினார்கள். நாராயணசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகளுக்கு நடுவே மணல் தெரியவில்லை. மேளமும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஏரிகாத்தம்மனின் சூலத்தைத் தோளில் சுமந்து கடலில் இறக்கினார்கள். முழுக்கு முடிந்தது. பூசாரி குடத்தில் தீர்த்தம் மொண்டு வந்தார். அல்லிமேடு முழுதும் லாரியைச் சுற்றி நின்றது. இராமதாசும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்து, முன்வரிசையில் இடம்பிடித்தான்.

அஞ்சலாட்சி சங்கை வாங்கினாள். ரேடியேட்டரைத் திறந்து ஒரு சங்கு ஊற்றினாள். குலவை எழுந்தது. கண்ணாடி பாட்டிலுக்கு ஒரு சங்கு. திரும்பவும் குலவை. மூன்றாவது சங்கை மொண்டு எடுத்துக்கொண்டு நீல மூடியண்டை வந்து நின்றாள். நின்றபடியே நின்றாள்.

லெயோன் கேபினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். இந்தக் கூட்டத்தில் வாய் திறக்க அவருக்கு முறையில்லை. வாழ்க்கையில் அவருக்குத் தூக்கமே வராத நேரம் அது ஒன்றுதான்.

"ஊத்தும்மா" என்றார் பூசாரி.

"ஊத்து அக்கா" என்றான் இராமதாஸ். "தண்ணி குடிக்கிற வாய்தானே அது? வருசா வருசம் ஊத்துனவதானே நீ? ஒரு வாய் விட்டாலும் முறை செல்லாது, தெரியுமில்ல?"

மேளம் நின்றிருந்தது. அலைகூட ஒன்று பாதியில் நின்று காது கொடுத்தது. அஞ்சலாட்சி நிமிர்ந்தாள்.

"இந்த வாய் விரதம்" என்றாள்.

"இன்னாது?"

"விரதம். வெள்ளிக்கெழமையிலேர்ந்து. தீபாவளிலேர்ந்து ஒடம்புக்கு முடியாம கெடந்து, நான்தான் வேண்டிக்கிட்டேன். இன்னிக்குப் பாலத்துமேல எழுந்து ஓடுச்சே, நீதான் பின்னாடியே பாத்துக்கிட்டு வந்தியே."

"லாரியோட வாய் விரதம் இருக்குமா?"

"நம்பிக்கையில்லன்னா நீ கேட்டுப் பாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. காலமெல்லாம் அவர் நாவடக்கம் பார்த்திருக்கிறார், மௌன விரதம் பார்த்திருக்கிறார், ஒரு வேளை விரதம் இருந்த ஆடு மாடுகளையும் பார்த்திருக்கிறார். நீல மூடியைக் குனிந்து பார்த்தார். அதன் முகத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கத்தான் செய்தது.

"எது வரைக்கும் வேண்டிக்கிட்ட?"

"வண்டி ஓடுற வரைக்கும்."

பூசாரி கடலைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். "விரதமிருக்கிற வாயில ஊத்துறது பாவம்" என்று தீர்ப்புச் சொன்னார். "முறை செல்லும். அடுத்த மகத்துக்கும் இந்த வண்டிதான்." இடுப்பிலிருந்து மஞ்சள் நூலை எடுத்து, நீல மூடியைச் சுற்றிக் காப்புக் கட்டினார். குலவைச் சத்தத்தில் காக்கைகள் கிளம்பி இலங்கைவரை போய்விட்டுத்தான் திரும்பின.

லெயோனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கட்டின காப்பை அவிழ்க்காமல் இனி மூடியை எப்படித் திறப்பது? இறங்கி வந்து பூசாரி காதோரம் மெதுவாகக் கேட்டார். "ஐயா, யூரியா?"

"அது பலகாரம். விரதத்துல சேத்துக்கலாம். நூலக் கழட்டிட்டுத் திரும்பக் கட்டிக்கங்க."

சங்கில் மொண்ட தீர்த்தம் அஞ்சலாட்சியின் கையில் அப்படியே இருந்தது. மொண்டதைக் கீழே கொட்டக் கூடாது. அவள் சுற்றிலும் பார்த்தாள். புருஷன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"முசியே, வாயத் தெறங்க."

"எனக்கா மதாம்?"

"தெறங்கன்றேன்."

லெயோன் திறந்தார். அவள் பக்குவமாக, குழந்தைக்குப் புகட்டுகிறதுபோல, சங்கின் மூக்கை உதட்டில் சாய்த்தாள். அவர் முழுங்கி, கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"உப்பு" என்றார்.

"தீர்த்தம்" என்றாள் அஞ்சலாட்சி, சங்கைத் துடைத்துக்கொண்டே.